பச்சைக் குழந்தை இரவில் எங்கே படுக்க வேண்டும்? பாய், தொட்டில், பக்கத்துப் படுக்கை, அடுத்த அறை

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் இரவில் மேற்கு ஜன்னலைத் திறக்க முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று திரைச்சீலையைப் பிடித்து அறையின் நடுவரை வீசும். அப்படி ஒரு ஆனி மாதத்தில்தான் என் தங்கை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் பிள்ளை பெற்று, 11ஆம் நாள் மலையிறங்கி அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று இரவே கேள்வி எழுந்துவிட்டது. தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுக்க வேண்டும் என்றாள் அம்மா. ஆச்சி உத்திரத்தில் இருந்த பழைய கொக்கியைக் காட்டி, "தொட்டில் கட்டுங்கள்" என்றாள். துணைக்கு வந்திருந்த தங்கையின் மாமியார், "ஒரு மாதம் குழந்தை என்னோடு அடுத்த அறையில் படுக்கட்டும், பெற்றவள் தூங்கட்டும்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் சொன்னதோ நான்காவது வழி: ஒரே அறை, ஆனால் தனிப் படுக்கை.

1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்தது. இன்றும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கணவாயின் இரு பக்கமும் நடக்கிறது. அதனால் பேறுகாலம் பார்ப்பதில் இரண்டு பக்கத்துப் பழக்கமும் ஒரே வீட்டுக்குள் வந்து நிற்கும். சொன்ன நான்கு பேருமே குழந்தையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இந்த நான்கில் மூன்றைச் செய்து பார்த்தவள். அன்று அவளிடம் சொன்னதையும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது மூச்சு. நோய் எதுவும் இல்லாமல் இருந்த குழந்தை ஒரு வயதுக்குள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். இதில் பத்துக்கு ஒன்பது 6 மாதத்துக்குள் நேர்கிறது. 1 முதல் 4 மாதம் வரை ஆபத்து அதிகம். மூக்கு துணியில் புதைந்தோ, பெரியவரின் உடல் அழுந்தியோ, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியோ மூச்சு அடைத்துப் போவதும் உண்டு. நம் ஊர்களில் இவற்றையெல்லாம் "பால் புரையேறிவிட்டது" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதனால் எது நடந்தது, எதைத் தவிர்த்திருக்கலாம் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமலே போகிறது.

நான்கில் எந்த ஏற்பாடாக இருந்தாலும் மாறாத சில உண்டு. குழந்தை மல்லாக்கப் படுக்க வேண்டும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தலையணை கூடாது, முகத்தின் அருகில் தளர்வான துணி கூடாது. அமெரிக்காவில் 1994இல் "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய அளவில் பிரச்சாரம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று எங்கள் ஆச்சியும் பயந்தாள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் கீழேதான் தேங்கும், மேலே ஏறி மூச்சுக்குள் போக வேண்டியதில்லை. குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது. தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்குக் கடுகுத் தலையணை வேண்டாம். பகலில் விழித்திருக்கும்போது நம் கண் முன்னே சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவதே போதும்.

இரண்டாவது பால். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். அதில் மூன்று நான்கு முறை இரவில்தான். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில் கூடுதலாகச் சுரக்கிறது. ஆகவே இரவுப் பாலைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் பகல் பாலையும் தொடும்.

மூன்றாவது தாயின் தூக்கம். இதைத்தான் எல்லாரும் கடைசியில் வைக்கிறார்கள். நான் இதை மூச்சுக்கு அடுத்தபடியாக வைப்பேன், ஏனென்றால் ஆபத்தான தவறுகள் பெரும்பாலும் களைப்பில்தான் நடக்கின்றன. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் நாம் வேறு. நள்ளிரவு இரண்டு மணிக்கு மூன்றாவது முறையாக எழுந்து அமர்ந்திருக்கும் அந்தப் பெண் வேறு. அவளால் அந்த நேரத்தில் செய்ய முடிகிற ஏற்பாடே நல்ல ஏற்பாடு.

நான்காவது வீடு: தரையின் ஈரம், சாரல் காற்று, கொசு, பூரான், அறைகளின் எண்ணிக்கை. ஐந்தாவது, அந்த அறையில் வேறு யார் படுக்கிறார்கள், அவர்கள் புகைப்பவர்களா, குடிப்பவர்களா என்பது.

## ஒரே பாய், ஒரே கட்டில்

நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது இது. பாலுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. குழந்தை சிணுங்கத் தொடங்கும்போதே தாய் விழித்துவிடுகிறாள். முழு அழுகை வருமுன் பால் கிடைத்துவிடுகிறது. இருவரும் மறுபடி தூங்கிவிடுகிறார்கள். ஜேம்ஸ் மெக்கென்னா என்ற மானிடவியல் ஆய்வாளர் தாய்மார்களையும் குழந்தைகளையும் இரவு முழுவதும் பதிவு செய்து பார்த்தார். பால் கொடுக்கும் தாய் தானாகவே குழந்தையைப் பார்த்து ஒருக்களித்து, கையைக் குழந்தையின் தலைக்கு மேலே மடக்கி, முழங்காலைக் கீழே மடித்து, ஒரு வளைவுபோல் படுக்கிறாள் என்று கண்டார். எங்கள் அம்மா அப்படித்தான் படுப்பாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

மருத்துவர்களே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரே படுக்கை வேண்டாம் என்கிறது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு ஒன்று 2020இல், பால் கொடுக்கும் தாய் ஒரே படுக்கையில் படுப்பது தாய்ப்பால் நீடிக்க உதவுகிறது, ஆகவே தடை போடுவதைவிட எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்று சொல்லிக்கொடுங்கள் என்றது. ஆனால் ஆபத்தைப் பெருக்கும் சூழ்நிலைகள் எவை என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவற்றை நம் ஊர்க் கண்ணால் பார்க்க வேண்டும்.

குழந்தை 4 மாதத்துக்குக் குறைவானதா, 37 வாரத்துக்கு முன் பிறந்ததா, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையா? அப்படியானால் ஒரே பாய் வேண்டாம். அறையில் படுப்பவர்களில் யாராவது பீடி, சிகரெட் புகைப்பவரா? அவர் வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் அந்தப் படுக்கையில் குழந்தை கூடாது. கர்ப்ப காலத்தில் தாய் புகைத்திருந்தாலும் அப்படியே. எங்கள் தென்காசிப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். சுளகும் புகையிலைத் தூளும் தாய் படுக்கும் மூலையிலேயே இருக்கும். அந்தச் சுளகு முதலில் வேறு இடத்துக்குப் போக வேண்டும். தூளைத் தொட்ட கையைக் கழுவாமல் குழந்தையைத் தொடவும் கூடாது.

குடி என்றதும் எல்லாரும் அப்பாவைத்தான் பார்க்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பேறுகாலத்தில் தாய்க்குத் தசமூலாரிஷ்டம் கொடுப்பது வழக்கம். அரிஷ்டம் நொதித்து உருவாகும் மருந்து. தானாக உண்டான ஆல்கஹால் அதில் இருக்கும். சில வீடுகளில் உடம்புச் சூட்டுக்கு என்று பிராந்தியும் ஒரு மூடி ஊற்றித் தருவார்கள். சளி மருந்தும் இருமல் மருந்தும்கூடச் சிலருக்கு அடித்துப்போட்ட தூக்கத்தைத் தரும். இவற்றில் எதையும் குடித்த இரவில் தாய் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. இதை என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் மூத்தவனுக்கு 40 நாள் ஆகும்வரை நான் அரிஷ்டம் குடித்துவிட்டு அவனை அணைத்துத்தான் படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்காக அதைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாய்க்கு ஒரு நன்மை உண்டு: அது கெட்டியானது, விழுந்தால் உயரம் இல்லை. பத்தமடைக் கோரைப்பாயை விரித்து மேலே இறுக்கமாக ஒரு பருத்தி விரிப்பு போட்டால் அதுவே நல்ல படுக்கை. இலவம்பஞ்சு மெத்தை அப்படி இல்லை. பெரியவரின் எடையில் குழிந்து, குழந்தையைத் தாயின் பக்கம் உருட்டிவிடும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் இப்படித்தான். சோபாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்; குழந்தையோடு சோபாவில் தூங்கிப்போவது எல்லாவற்றிலும் மோசமானது.

இந்த ஏற்பாட்டின் மறைந்த செலவு வேறு ஒன்று: பாய் பெரும்பாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டுமானதாக நிற்பதில்லை. மூன்று வயது மூத்த குழந்தை நள்ளிரவில் உருண்டு வந்து சேர்ந்துகொள்ளும். அப்பாவின் கனமான போர்வை வரும். குழந்தைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் இன்னொருவருமாக நெருக்கிவிடும். ஒரே பாய்தான் என்று முடிவானால் குழந்தை தாயின் வெளிப்பக்கம் இருக்கட்டும், நடுவில் வேண்டாம். சுவர் ஓரத்து இடுக்கிலும் வேண்டாம். தாயின் நீண்ட தலைமுடி முடிந்திருக்கட்டும்; குழந்தையின் கழுத்துக் கயிறு, கறுப்பு மணி, கையில் கட்டிய வசம்பு வளையம் எல்லாம் இரவில் கழன்று மாடத்தில் இருக்கட்டும். திருஷ்டி கழிப்பதைப் பகலில் வைத்துக்கொள்ளலாம்.

## துணித் தொட்டில்

இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயங்குகிறேன், ஏனென்றால் எனக்குத் தொட்டில் என்றால் உயிர். அம்மாவின் பழைய நூல் சேலை, உத்திரத்துக் கொக்கி, நடுவில் விரித்துப் பிடிக்கும் கட்டை, ஆச்சியின் தாலாட்டு. அழுத பிள்ளை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஈரத் தரையிலிருந்து தூரம். பூரானும் எறும்பும் ஏறாது. இரண்டு கையும் விடுபட்டு, தாய்க்குச் சோறு உண்ண நேரம் கிடைக்கும். ஒற்றை அறை வீட்டில் இடத்தையும் அடைக்காது. செலவும் ஏறத்தாழ இல்லை.

என் மூத்தவன் இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. அவன் அழவில்லை, ஆனால் தொட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குறட்டை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துணியின் பள்ளத்தில் அவன் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தூக்கித் தோளில் போட்டதும் சரியாகிவிட்டது. நான் விடியும்வரை தூங்கவில்லை.

அன்று நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் இல்லை. வளைந்த படுக்கையில் தலை முன்னால் விழுந்தால் சின்ன மூச்சுக்குழாய் மடங்கிப் போகிறது. அதைத் தானாக நிமிர்த்திக்கொள்ள அதற்குத் தெரியாது. சேலையின் இரண்டு ஓரமும் மேலே சேர்ந்துகொண்டால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் நிலையும் வரும். படுக்கை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் குழந்தை தூங்குவதற்கு அது உகந்ததல்ல என்பதே மருத்துவர்களின் கணக்கு. துணித் தொட்டில் எப்படிக் கட்டினாலும் அந்த அளவைத் தாண்டிவிடும்.

அதனால் என் முடிவு இது: பகலில், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டுவதற்குத் தொட்டில் அருமை. தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். எல்லாரும் தூங்கும் இரவுக்குத் தொட்டில் வேண்டாம். ஆச்சி இதை ஏற்கவில்லை. "உங்கள் அப்பனை இதில்தான் வளர்த்தேன்" என்றாள். அந்தக் காலத்தில் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். முறை வைத்து ஒருவர் விழித்திருந்து ஆட்டினார்கள். இப்போது கயிற்றின் ஒரு நுனியைக் கால் விரலில் கட்டிக்கொண்டு, தூக்கத்திலேயே இழுத்துவிடும் ஒரே ஒரு தாய்தான் இருக்கிறாள்.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. ஆட்டினால்தான் தூங்குவேன் என்ற பழக்கம் வந்துவிட்டால், ஒவ்வொரு விழிப்புக்கும் யாராவது எழுந்து ஆட்ட வேண்டும். குழந்தை கவிழத் தொடங்கும் நான்கு ஐந்து மாதத்தில் துணியிலிருந்து கீழே விழலாம். சுருள் கம்பியும் கொக்கியும் தேய்ந்திருந்தால் அறுந்துபோகலாம். குழந்தை இல்லாத நேரத்தில் தொட்டிலை அவிழ்த்துச் சுருட்டி மேலே போடாவிட்டால், மூத்த பிள்ளைகள் அதில் சுழன்று விளையாடிக் கழுத்தில் சேலை இறுகிய துயரங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

## அதே அறை, கை எட்டும் தூரம், தனிப் படுக்கை

நர்ஸ் சொன்னது இதைத்தான். குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கென ஒரு சமமான படுக்கையில் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. இப்படிச் செய்தால் திடீர் சிசு மரணத்தின் ஆபத்து பாதிவரை குறையக்கூடும் என்று 2016இல் அது சொன்னது. தாயின் அருகாமையும் கிடைக்கிறது, அவள் உடல் எடையின் ஆபத்தும் இல்லை.

இதைச் சொன்னாலே நம் வீடுகளில் கடையில் விற்கும் விலை உயர்ந்த கட்டிலை நினைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. தாயின் பாய்க்கு அருகே ஒரு முழம் தள்ளி இன்னொரு சின்னப் பாய் போதும். அதன்மேல் இறுக்கமாக மடித்த ஒரு பருத்தி விரிப்பு, மேலே ஒரு கொசுவலை. பின்லாந்தில் 1938 முதல் அரசு தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிகளை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவருகிறது. அடியில் சின்ன மெத்தை போட்ட அந்தப் பெட்டியிலேயே பல குழந்தைகள் முதல் சில மாதங்கள் தூங்கினார்கள். சமமாக, கெட்டியாக, காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

சிசேரியன் ஆன தாய்க்கு மட்டும் தரையில் படுப்பது வேதனை. ஒவ்வொரு முறையும் தையல் இழுக்கத் தரையிலிருந்து எழ வேண்டும். அவளுக்குக் கட்டிலும், கட்டிலோடு ஒட்டிய உயரத்தில் குழந்தைக்கு ஒரு கட்டிலும் இருந்தால் பெரிய உதவி. தங்கையின் கணவர் கழுதுருட்டியில் தெரிந்த ஆசாரியிடம் அயினி மரத்தில் ஒன்று செய்யச் சொன்னார். ஆசாரி அழகுக்காகக் கம்பிகளை அகல அகலமாக வைக்கப் பார்த்தார். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் குழந்தையின் உடல் நழுவி வெளியே போய்த் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். பக்கப் பலகையை இறக்கி ஏற்றும் வகைக் கட்டிலை அமெரிக்காவில் 2011இல் தடையே செய்துவிட்டார்கள், ஆகவே பழைய கட்டிலை யாராவது அன்போடு கொடுத்தாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெத்தைக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மெத்தை சிறியது. ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தை மலைக்கு அந்தப் பக்கம் எளிதில் கிடைக்கும். கெட்டியானது, இதற்கு ஏற்றது.

குடைபோல் விரியும் வலையோடு கடையில் கிடைக்கும் குட்டிப் படுக்கையும் பலர் வாங்குகிறார்கள். வலை நல்லது. அதனோடு வரும் மெத்துமெத்தென்ற தலையணையையும் பக்கத் திண்டுகளையும் எடுத்துவிடுங்கள். கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி மூடிய அறையில் வைக்காதீர்கள்: ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. சாம்பிராணிப் புகையும் குளித்த தலையைத் தேடி வர வேண்டியதில்லை.

குளிர் விஷயத்தில்தான் எங்கள் ஊரில் அதிகம் தவறுகிறோம். சாரல் காலத்தில் குழந்தைக்குக் குல்லா, கம்பளி, அதன்மேல் போர்வை என்று அடுக்குகிறோம். நாம் அணிவதைவிட ஒரே ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும்; வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாமல் நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள்; அங்கே வியர்த்தால் துணி அதிகம். ஆரியங்காவுக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் குளிருக்குச் சட்டியில் கரி நெருப்பு வைத்துக்கொண்டு கதவை அடைத்துப் படுப்பவர்கள் உண்டு. அந்த நெருப்பு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழந்தையையும் பெரியவர்களையும் சேர்த்துத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். நெருப்புச் சட்டி அறைக்குள் வரவே கூடாது.

இந்த ஏற்பாட்டின் மறைந்த செலவு தாயின் தூக்கம்தான். ஒவ்வொரு முறையும் எழுந்து, எடுத்து, கொடுத்து, ஏப்பம் விடவைத்து, திரும்பக் கிடத்த வேண்டும். களைப்பில் அவள் நாற்காலியில் சாய்ந்தபடியே பால் கொடுக்கத் தொடங்கி, குழந்தை மடியில் இருக்கும்போதே தூங்கிப்போவாள். என் இரண்டாவது பிள்ளைக்கு எனக்கு அதுதான் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் விழித்தபோது அவள் என் முழங்கையிடுக்கில் நழுவிப் போயிருந்தாள். தூக்கம் வரும்போல் இருந்தால் நாற்காலியைவிட, தலையணையும் போர்வையும் அகற்றிய கெட்டியான படுக்கையில் ஒருக்களித்துக் கொடுப்பது ஆபத்து குறைவு. தூங்கிப்போனால் விழித்தவுடன் குழந்தையை அதன் இடத்தில் விட்டுவிட வேண்டும். தனிப் படுக்கை என்று முடிவெடுத்த வீட்டிலும் தாயின் பாய் இந்த அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த இரவில் அவள் தோற்றுப்போவாள் என்று முன்கூட்டித் தெரியாது.

## அடுத்த அறை, அல்லது பாட்டியோடு

மாமியார் சொன்னதில் உள்ள கருணை எனக்குப் பிடித்திருந்தது. வேதுநீர் ஊற்றிக் குளிக்க வைத்து, லேகியம் கொடுத்து, பெற்றவளைத் தூங்க வைக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய பேறு. ஆனால் குழந்தை பாட்டியின் அணைப்பில் ஒரே படுக்கையில் இரவைக் கழிப்பது தாயோடு படுப்பதைவிட ஆபத்தானது. பெற்றவரல்லாத எவரோடும் ஒரே படுக்கை வேண்டாம் என்று வழிகாட்டுதல்களே தனியாகக் குறிப்பிடுகின்றன. அவர் தூக்க மாத்திரை போடுபவராக இருந்தால் இன்னும் கூடாது. இரவில் அங்கே பால் எதைக் கொடுப்பது என்ற கேள்வியும் உடனே எழும். புட்டிப்பால் தொடங்கும் வழி பல வீடுகளில் இதுதான்.

குழந்தை மட்டும் தனி அறையில் தூங்குவது நம்மிடையே குறைவு. கொச்சியிலும் சென்னையிலும் குடியேறிய சிலர் கேட்கிறார்கள். அதற்குச் சாதகமாகவும் ஓர் ஆய்வு உண்டு: 2017இல் அமெரிக்காவில் வெளியானது. 4 மாதத்துக்கு முன்பே தனி அறைக்குப் போன குழந்தைகள் 9 மாதத்தில், இன்னும் பெற்றோர் அறையில் இருந்தவர்களைவிட இரவில் ஏறத்தாழ 40 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அந்த 40 நிமிடத்துக்காக, ஆபத்து மிகுந்த மாதங்களில் குழந்தையைச் செவிக்கு எட்டாத இடத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. 6 மாதம் கடந்து, தாயும் தகப்பனும் குழந்தையின் ஒவ்வொரு முனகலுக்கும் விழித்துச் சோர்ந்துபோகிறார்கள் என்றால், அப்போது யோசிக்கலாம்.

ஆனால் இதை ஒரு வேளைக்கு மட்டும் மாற்றிக்கொண்டால் நல்ல ஏற்பாடாகிவிடும். பிரசவத்துக்குப் பிறகு மனம் உடைந்து அழுதுகொண்டே இருக்கும் தாய்க்கும், காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கும், ஒரு பால் முடிந்ததும் அடுத்த பால்வரை மூன்று மணி நேரம் தொடர்ந்த தூக்கம் மருந்துபோல. அந்த மூன்று மணி நேரம் குழந்தை பாட்டியின் பார்வையில், தன் தனிப் படுக்கையில், மல்லாக்க இருக்கட்டும். அடுத்த அறைக்குப் போவது தாய்; குழந்தை எப்போதும் ஒரு பெரியவர் இருக்கும் அறையில்தான். அழுகை வாரக்கணக்கில் நிற்காவிட்டால் தூக்க ஏற்பாட்டோடு நிறுத்தாமல் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அதே அறை, தனிப் படுக்கைதான். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, புகைப்பவர் இருக்கும் வீடு, அரிஷ்டமோ தூக்கம் தரும் மருந்தோ எடுக்கும் தாய், வலிப்பு நோய் உள்ள தாய் ஆகியோருக்கு வேறு வழியே சொல்ல மாட்டேன்.

ஒற்றை அறை லயத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் தனிப் படுக்கைக்கு இடம் எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். அவளிடம் அட்டைப் பெட்டிக் கதையைச் சொன்னேன். பழப்பெட்டி அளவு இடம் எந்த அறையிலும் உண்டு. மிதிபடாமல் தாயின் தலைமாட்டில், அடுப்புக்கு எதிர்ப்புறம் வைக்கலாம்.

புகையும் மதுவும் இல்லாத வீடு, நிறைமாதத்தில் பிறந்து 4 மாதம் கடந்த குழந்தை, பால் மட்டுமே கொடுக்கும் தாய், கெட்டியான பாய், பாயில் வேறு யாரும் இல்லை என்றால், ஒரே பாயில் படுக்கும் தாயை நான் பயமுறுத்த மாட்டேன். அப்படி முடிவெடுப்பவள் தெரிந்து எடுக்கட்டும். தெரியாமல் களைப்பில் விழுவதுதான் கவலை. சம்பந்திகள் வந்திருக்கிறார்களே, ஆச்சி வருத்தப்படுவாளே என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரவில் எழுகிறவளின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அன்று இரவு மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டாமல் இரண்டு பாய்கள் விரித்தோம். கீழே ஈரம் ஏறாமல் ஓலைப்பாய், மேலே கோரைப்பாய். குழந்தையின் பாய்க்கு அதற்கென ஒரு வலை. ஆச்சிக்கு மாலை நேரத் தொட்டில் கிடைத்தது. ஆறு மணிக்குக் கட்டி, எட்டு மணிக்கு அவிழ்த்துச் சுருட்டிவிடுவோம். மாமியாருக்கு விடியற்காலை ஐந்து மணிப் பாலுக்குப் பிறகான மூன்று மணி நேரம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டே பார்த்துக்கொள்வார், தங்கை எட்டு மணிவரை தூங்குவாள்.

ஐப்பசியில் தங்கை கழுதுருட்டிக்குத் திரும்பியபோது அயினிக் கட்டில் தயாராக இருந்தது. அவள் கணவருக்கு ரப்பர் வெட்டு மூன்று மணிக்குத் தொடங்கும். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும் முன் அவரே குழந்தையின் ஈரத்துணியை மாற்றி, தங்கையிடம் எடுத்துக் கொடுத்து, அது குடித்து முடிக்கும்வரை நின்று, திரும்பக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் போகிறார்.